சர்க்கரை நோய்க்குக் கிரீன் டீ: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

சர்க்கரை நோய் என்று மருத்துவர் சொல்லிவிட்டால், அந்த வாரத்துக்குள் யாராவது ஒரு உறவினர் கிரீன் டீ குடிக்கச் சொல்லிவிடுவார். எங்கள் வீட்டில் இருவருக்கு இந்த நோய் உண்டு. எங்களுக்கும் சொன்னார்கள், நாங்களும் வாங்கினோம். எந்த வகையை வாங்குவது, மாத்திரைக்கு முன்பா பின்பா, பலன் கிடைக்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்ற சாதாரணக் கேள்விகளுக்குக்கூட ஒரே இடத்தில் பதில் கிடைக்காமல், மருத்துவர், ஆய்வகம், மருந்துக்கடை என்று ஆளுக்குக் கொஞ்சமாகக் கேட்டுச் சேர்த்ததை, அடுத்தவர் இவ்வளவு அலைய வேண்டாம் என்பதற்காக இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

இது இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்காக எழுதியது. கர்ப்பிணிகளும், முதல் வகை நோய் உள்ளவர்களும், சிறுநீரகம் அல்லது கல்லீரல் பாதிப்புக்குச் சிகிச்சை பெறுகிறவர்களும் எதையும் தொடங்குமுன் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுவதே சரி.

1. எவ்வளவு குறையும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பெட்டி வாங்குவதற்கு முன் இந்த ஒரு கணக்கு தெரிந்திருந்தால் பாதி ஏமாற்றம் குறையும். கிரீன் டீயில் உள்ள கேட்டச்சின் என்ற பொருள்கள், குறிப்பாக இ.ஜி.சி.ஜி. என்று சுருக்கிச் சொல்லப்படுவது, உடல் சர்க்கரையைக் கையாளும் விதத்தைச் சற்று மாற்றுவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் அந்த மாற்றம் மிகச் சிறியதாகவே தெரிகிறது. 2020-இல் 27 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 1.5 மில்லிகிராம் மட்டுமே குறைந்திருந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. 2013-இல் 17 சோதனைகளைச் சேர்த்த இன்னொரு தொகுப்பாய்வு எச்பிஏ1சி 0.3 புள்ளி குறைந்ததாகச் சொன்னாலும், வெறும் வயிற்றுச் சர்க்கரையில் அதுவும் ஏறக்குறைய இதே சிறு வேறுபாட்டைத்தான் கண்டது.

ஜப்பானில் நாளொன்றுக்கு ஆறு கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது என்ற செய்தி அடிக்கடி வலம் வரும். 2006-இல் வெளியான அந்த ஆய்வு உண்மையானதுதான். ஆனால் அது ஏற்கெனவே நோய் இல்லாதவர்களைப் பின்தொடர்ந்து கவனித்த ஆய்வு, நோய் வந்தபின் கிரீன் டீ கொடுத்துச் சோதித்தது அல்ல. நோய் வராமல் இருப்பதும் வந்த நோய் குறைவதும் வேறு வேறு.

அப்படியானால் எதற்குக் குடிப்பது என்று கேட்பீர்கள். ஒரு நாளைக்கு மூன்று பால் டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்று வைத்துக்கொண்டால், டீ வழியாக மட்டும் 24 முதல் 30 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. ஒரு பெரியவர் நாள் முழுவதும் சேர்க்கும் சர்க்கரை ஏறத்தாழ 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த மூன்று டீயின் இடத்தில் சர்க்கரை போடாத கிரீன் டீ வந்து உட்கார்ந்தால், அந்தச் சர்க்கரை உள்ளே போவது முழுவதும் நின்றுவிடுகிறது. என் கணிப்பில் கிரீன் டீயால் வருகிற பலனில் பெரும்பங்கு, இலைக்குள் இருப்பதைவிட, அது எந்த டீயின் இடத்தைப் பிடிக்கிறது என்பதில்தான் இருக்கிறது. பழைய டீயையும் விடாமல் கூடுதலாக இதையும் குடிப்பவர்களுக்குச் செலவு மட்டுமே மிச்சம்.

2. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

மருத்துவரிடம் கேட்கப் போகும்போது ஒரு கோப்பில் இவற்றை வைத்துக்கொள்ளுங்கள்: கடைசி இரண்டு எச்பிஏ1சி அறிக்கைகள், வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் எடுத்த சர்க்கரை அளவுகள், ஹீமோகுளோபின் அளவு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், கல்லீரல் பரிசோதனை அறிக்கை, நடப்பு மருந்துச் சீட்டு. சீட்டில் எழுதியிருப்பதும் வீட்டில் சாப்பிடுவதும் பல நேரம் வேறாக இருக்கும். ஆகவே இப்போது சாப்பிடும் ஒவ்வொரு மாத்திரை அட்டையையும், பெயரும் மில்லிகிராமும் தெரியும்படி கைபேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது.

பலர் சொல்லாமல் விடுவது கைமருந்துப் பட்டியலை. சிறுகுறிஞ்சான் பொடி, நாவல் கொட்டைப் பொடி, வெந்தயம், ஆவாரம்பூ என்று ஏற்கெனவே எதையாவது எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் எழுதிக் கொடுங்கள். திட்டுவாரோ என்று மறைத்தால், நாளை சர்க்கரை இறங்கும்போது எதனால் இறங்கியது என்று அவராலும் சொல்ல முடியாது.

ஹீமோகுளோபினை ஏன் சேர்த்தேன் என்பதற்குக் காரணம் உண்டு. இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை இருந்தால், சர்க்கரை அவ்வளவு இல்லாவிட்டாலும் எச்பிஏ1சி கூடுதலாகக் காட்டக்கூடும். இரும்பு மாத்திரை சாப்பிட்டு இரத்தசோகை சரியாகும்போது, சர்க்கரையில் மாற்றமே இல்லாமல் எச்பிஏ1சி இறங்கும். அதே மூன்று மாதத்தில் கிரீன் டீயும் தொடங்கியிருந்தால், பெயரைக் கிரீன் டீ தட்டிக்கொண்டு போய்விடும்.

3. மருந்தோடு மோதுமா என்று கேட்டுத் தெளியுங்கள்

மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்கள் நாளுக்கு இரண்டு மூன்று கோப்பை குடிப்பதால் பெரும்பாலும் சிக்கல் வருவதில்லை. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். அவர்கள் மாலை நான்கு மணி சர்க்கரை டீயை ஒரேயடியாக நிறுத்தினால், மாத்திரையின் வேகம் அப்படியே இருக்க, உள்ளே போகும் சர்க்கரை குறைந்து, தாழ்சர்க்கரை வரலாம். கை நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, மனக்குழப்பம் ஆகியவை அறிகுறிகள்; அளவு 70-க்குக் கீழ் என்றால் உடனே 15 கிராம் அளவுக்குக் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். மயங்கிய நிலையில் இருப்பவரின் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம். உங்கள் மாத்திரைக் கூட்டில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் இருந்தால், சாதாரணச் சர்க்கரை விரைவாக வேலை செய்யாது, ஏனென்றால் சர்க்கரையைக் குடலில் உடைக்கும் வேலையையே அந்த மருந்து தாமதப்படுத்துகிறது. அப்படிப்பட்டவர்கள் குளுக்கோஸ் பொடியையே வாங்கி வைத்திருக்க வேண்டும். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் வோக்லிபோஸும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவது நம் ஊரில் சகஜம் என்பதால், அட்டையைத் திருப்பி அதில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்.

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கிரீன் டீயை அதிகமாகக் குடித்தால் மருந்தின் வேகம் குறையலாம். நாடோலால் என்ற இரத்த அழுத்த மருந்து இரத்தத்தில் சேரும் அளவைக் கிரீன் டீ கணிசமாகக் குறைப்பதும் அறியப்பட்டதுதான். இரும்பு மாத்திரையையும் கிரீன் டீயையும் ஒன்றாக எடுத்தால் இரும்பு சரியாக உறிஞ்சப்படாது. இரண்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். தைராய்டு மாத்திரையை வெறும் தண்ணீரில் மட்டும் விழுங்குங்கள். சிறுநீரகக் கோளாறுக்காக நாளுக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளவு வைத்திருக்கிறவர்கள், கிரீன் டீயையும் அந்த அளவுக்குள் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்: கிரீன் டீ தொடங்கிவிட்டோம் என்று எந்த மாத்திரையையும் நீங்களாகக் குறைக்காதீர்கள். 1.5 மில்லிகிராம் இறக்கும் ஒரு பானத்தை நம்பி, அதைவிடப் பல மடங்கு இறக்கும் மருந்தை விடுவது எந்தக் கணக்கிலும் சேராது.

4. கடையில் வாங்கும்போது

பெட்டியின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானப் பட்டியலில் 'கிரீன் டீ' என்று மட்டும் இருந்தால் போதும். தேன் எலுமிச்சை வகையில் பெரும்பாலும் இருப்பது தேன் சுவையூட்டிதான், அதனால் சர்க்கரை ஏறாது. ஆனால் தண்ணீரில் கலக்கும் உடனடிப் பொடிகளில் சர்க்கரையோ, அதைப்போலவே இரத்தச் சர்க்கரையை ஏற்றும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப் பொருளோ முதல் சேர்மானமாக இருப்பதுண்டு. குளிர்பான அலமாரியில் புட்டியில் வரும் கிரீன் டீ பலவற்றிலும் சர்க்கரை உண்டு. சத்து அட்டவணையில் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்ற வரியைப் பார்த்து, புட்டியின் மொத்த மில்லி அளவால் பெருக்கி 100-ஆல் வகுங்கள், ஏனென்றால் அட்டவணை பெரும்பாலும் 100 மில்லிக்குத்தான் போட்டிருக்கும்.

ஆவாரம்பூ, துளசி, எலுமிச்சைப்புல் ஆகியவை தேயிலைச் செடியிலிருந்து வருவன அல்ல. அவற்றின் குணம் வேறு, கிரீன் டீ பற்றிய ஆய்வுகள் அவற்றுக்குப் பொருந்தா. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் பதினான்கு இலக்க உரிம எண் இல்லாத பொட்டலத்தை, அது எவ்வளவு இயற்கையானது என்று சொல்லப்பட்டாலும், வாங்க வேண்டாம். நீலகிரிப் பக்கம் போகிறவர்கள் அங்கேயே உதிரி இலையாக வாங்கிக்கொள்ளலாம். பை வகையைவிடச் சுவை நன்றாக இருக்கும்.

மாத்திரையாக விற்கப்படும் கிரீன் டீ சாற்றை ஒதுக்கிவிடுங்கள். நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் இ.ஜி.சி.ஜி.யைத் துணை உணவாக எடுத்தவர்களுக்குக் கல்லீரல் நொதிகள் உயர்ந்ததை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சுட்டிக்காட்டியது. வடிகட்டிக் குடிப்பதில் அந்த அளவுக்குப் போவது அரிது.

5. போடும் முறை

பால் டீ போடுவதுபோல் இலையைக் கொதிக்க விட்டால் வாயில் வைக்க முடியாத கசப்பு வரும். அந்தக் கசப்பைத் தாங்க முடியாமல்தான் பலர் ஒரு கரண்டி தேன் விடுகிறார்கள், அங்கேயே காரியம் கெட்டுவிடுகிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, ஐந்து நிமிடம் திறந்து வைத்தால் ஏறத்தாழ 80 டிகிரிக்கு வரும். அதில் 150 முதல் 200 மில்லி எடுத்து, இரண்டு கிராம் இலை, அதாவது தட்டையாக ஒரு தேக்கரண்டி போட்டு, இரண்டு முதல் மூன்று நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். வெளிர் மஞ்சளாக, லேசாகப் புல் வாசனையோடு இருந்தால் சரியாக வந்திருக்கிறது என்று பொருள். பழுப்பாகி, நாக்கின் இரு ஓரமும் இழுத்துப் பிடித்தால் நேரம் கூடிவிட்டது. டீப் பையைக் கோப்பையிலேயே ஊறவிட்டுப் பிழிந்து குடிப்பதால் சத்து கூடுகிறது என்பார்கள். கசப்பு கூடுவது மட்டும் நிச்சயம்.

தேன், பனங்கற்கண்டு, நாட்டுச் சர்க்கரை, வெல்லம் எல்லாமே இரத்தச் சர்க்கரையை ஏற்றுபவைதான். புளிப்பு பிடித்தால் சில துளி எலுமிச்சைச் சாறும், இல்லாவிட்டால் தட்டிப்போட்ட இஞ்சியும் போதும்.

6. எப்போது, எத்தனை கோப்பை

இரண்டு கோப்பையில் தொடங்குங்கள்: காலை உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்து ஒன்று, மாலை நான்கு மணிக்கு ஒன்று. உணவோடு சேர்த்துக் குடித்தால் கீரை, பயறு போன்றவற்றில் உள்ள இரும்பு உடலில் சேர்வது குறைகிறது. வெறும் வயிற்றில் குடித்தால் சிலருக்குக் குமட்டும். ஒரு கோப்பையில் ஏறத்தாழ 30 மில்லிகிராம் கஃபீன் இருக்கிறது, காபியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான்; ஆனாலும் தூக்கம் சரியில்லாதவர்கள் மாலை ஐந்துக்கு மேல் தொடாமல் இருப்பது நல்லது, இரவுத் தூக்கம் கெட்டால் மறுநாள் காலைச் சர்க்கரையும் சிலருக்கு ஏறி நிற்கும்.

மாலைக் கோப்பையோடு என்ன வருகிறது என்பதையும் கவனியுங்கள். சர்க்கரை இல்லாத டீதானே என்ற தைரியத்தில் நான்கு பிஸ்கட்டோ ஒரு போண்டாவோ கூட வந்தால், மிச்சம் பிடித்த சர்க்கரை அந்த வழியாகவே திரும்பி வந்துவிடும். 'டைஜஸ்டிவ்' என்று எழுதியிருக்கும் பிஸ்கட்டிலும் மாவும் சர்க்கரையும் உண்டு. அலுவலகத்தில் இருப்பவர்கள் ஒரு கைப்பிடி வேகவைத்த சுண்டலோ வறுத்த வேர்க்கடலையோ எடுத்துப் போகலாம்.

7. பலன் இருக்கிறதா என்று அளக்கும் முறை

அதிகம் பேர் தடுமாறுவது இந்தப் படியில்தான். முதல் நாள் 162, கிரீன் டீ குடித்த மறுநாள் 148, 'பதினாலு குறைந்துவிட்டது' என்று குடும்பக் குழுவில் செய்தி போய்விடும். வீட்டில் வைத்திருக்கும் குளுக்கோமீட்டருக்கான சர்வதேசத் தரம், 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ காட்ட அனுமதிக்கிறது. உண்மையான அளவு 150 என்றால், கருவி 128 காட்டினாலும் தரத்துக்குள்தான், 172 காட்டினாலும் தரத்துக்குள்தான். 1.5 மில்லிகிராம் மாற்றத்தை இந்தக் கருவியால் பிடிப்பது, காய்கறிக் கடைத் தராசில் தங்கத்தை நிறுப்பதைப் போன்றது. ஆகவே ஒற்றை எண்ணை ஒருபோதும் ஒப்பிடாதீர்கள். பல நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள்.

நான் பரிந்துரைக்கும் முறை நான்கு வாரத்துக்கானது. முதல் இரண்டு வாரம் இப்போது குடிக்கும் டீயையே குடியுங்கள். அடுத்த இரண்டு வாரம் அந்த டீயை நிறுத்தி, அதே நேரத்தில் சர்க்கரை இல்லாத கிரீன் டீ குடியுங்கள். நான்கு வாரமும் வாரத்துக்கு மூன்று நாள், காலை வெறும் வயிற்றில் ஒரு முறை, காலை உணவின் முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரத்தில் ஒரு முறை அளந்து, தேதியோடு எழுதுங்கள். அளக்கும் நாட்களில் காலை உணவு ஒன்றாகவே இருக்கட்டும்: மூன்று இட்லி சாம்பார் என்றால் எல்லா நாளும் மூன்று இட்லி சாம்பார். ஒரு நாள் இட்லி, மறுநாள் பூரி என்றால் நீங்கள் அளப்பது டீயை அல்ல, பூரியை. இந்த நான்கு வாரத்தில் புதிதாக நடைப்பயிற்சி தொடங்காதீர்கள், மாத்திரை மாற்றம் வந்தால் கணக்கை முதலிலிருந்து தொடங்குங்கள். காய்ச்சல், திருமண விருந்து, தூங்காத இரவுப் பயணம் வந்த நாட்களை ஓரத்தில் குறித்துவையுங்கள்.

விரல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மாம்பழத்தையோ வாழைப்பழத்தையோ உரித்த கையைக் கழுவாமல் ஊசி குத்தினால், தோலில் ஒட்டியிருக்கும் பழச் சர்க்கரை இரத்தத் துளியில் கலந்து நூறு இருநூறு புள்ளி கூடக் காட்டும். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது இதற்குப் போதாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே குத்துங்கள். ஈர விரலில் எடுத்த துளி நீர்த்துப்போய்க் குறைவாகக் காட்டும். விரலை அழுத்திப் பிழியாமல், கையைத் தொங்கவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தினால் வலியும் குறைவு, துளியும் தானாக வரும். இரத்தத் துளியை வைக்கும் ஸ்ட்ரிப் உள்ள குப்பியை உடனுக்குடன் மூடிவையுங்கள். மழைக்காலக் காற்றின் ஈரமே அதைக் கெடுத்துவிடும்.

ஆய்வகத்தில் வெறும் வயிற்றுப் பரிசோதனைக்குப் போகும் காலையில் கிரீன் டீயும் கூடாது. 'சர்க்கரை போடவில்லையே' என்று வாதாடுகிறவர்கள் உண்டு. தண்ணீர் மட்டும்தான் அனுமதி. எங்களுக்குத் தெரிந்த ஓர் ஆய்வகத்தில் காலை ஏழு மணிக்கு வரச் சொல்லிவிட்டு ஒன்பதரைக்குத்தான் இரத்தம் எடுத்தார்கள், அதற்குள் பசி தாங்காமல் பாதிப் பேர் வாசல் கடையில் டீ குடித்துவிட்டார்கள். முன்பதிவு செய்யும்போதே எத்தனை மணிக்கு இரத்தம் எடுப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு, காலை மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டுப் போவதா, வந்து சாப்பிடுவதா என்பதையும் மருத்துவரிடம் தெரிந்துகொள்ளுங்கள். எச்பிஏ1சி மட்டும் எடுப்பதென்றால் வெறும் வயிறு தேவையில்லை, எந்த நேரமும் போகலாம்.

8. செலவு

விலை ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம். இருபத்தைந்து பைகள் கொண்ட பெட்டி 120 முதல் 200 ரூபாய். நாளுக்கு இரண்டு கோப்பைக்கு நான்கு கிராம் என்றால், 100 கிராம் உதிரி இலை இருபத்தைந்து நாள் வரும், பையைவிட மலிவாக முடியும். நான்கு வார அளவீட்டுக்கு 24 ஸ்ட்ரிப் வேண்டும், வீணாவதற்கு ஒன்றிரண்டு கூட வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 15 முதல் 25 ரூபாய் என்றால் 400 முதல் 650 ரூபாய் ஆகிறது. குளுக்கோமீட்டர் வாங்கும்போது கருவி விலையைப் பார்க்காமல் ஸ்ட்ரிப் விலையைப் பாருங்கள். கருவியை மலிவாகக் கொடுத்து ஸ்ட்ரிப்பில் வாங்கிக்கொள்வதுதான் அந்த வியாபாரம். குப்பியைத் திறந்த பிறகு எத்தனை மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும், ஆகவே சலுகை விலை என்று நூறு ஸ்ட்ரிப்பாக வாங்க வேண்டாம். எச்பிஏ1சி தனியார் ஆய்வகத்தில் பொதுவாக 300 முதல் 600 ரூபாய்க்குள் வரும். அரசு மருத்துவமனையில் பதிவுச் சீட்டு உள்ளவர்கள் அங்கே கிடைக்குமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

மாதச் செலவில் எதையாவது குறைத்தாக வேண்டும் என்றால் கிரீன் டீயைக் குறையுங்கள். சர்க்கரையும் பாலும் இல்லாத கட்டன் டீயாலும், வெறும் சீரகத் தண்ணீராலும் அந்தச் சர்க்கரையை மிச்சம் பிடிக்க முடியும். ஸ்ட்ரிப்பிலும் எச்பிஏ1சியிலும் கை வைக்காதீர்கள்.

9. மூன்று மாதம் கழித்து

எச்பிஏ1சி ஏறத்தாழ மூன்று மாதச் சராசரி என்பதால், கிரீன் டீ தொடங்கி மூன்று மாதம் முடிவதற்குள் அதை எடுப்பது காசுக்குக் கேடு. முன்பு எடுத்த அதே ஆய்வகத்துக்கே போங்கள், ஆய்வகத்துக்கு ஆய்வகம் சிறு வேறுபாடு இருக்கும். ஹீமோகுளோபினையும் அதே நாளில் எடுத்துவிடுங்கள். 7.8 என்பது 7.7 ஆனால் அது மாற்றமில்லை என்றே கொள்ளுங்கள், 7.8 என்பது 7.2 ஆகியிருந்தால், நிறுத்திய சர்க்கரை டீ, உடல் எடை, மாத்திரை, நடை இவற்றில் எது மாறியது என்று உங்கள் குறிப்பேட்டை வைத்து மருத்துவரோடு உட்கார்ந்து பாருங்கள். அளவு ஏறியிருந்தால் கோப்பைகளைக் கூட்டிப் பார்க்கலாம் என்று இன்னொரு மூன்று மாதம் தள்ளிப்போடாமல், மருந்தை மாற்ற வேண்டுமா என்று அந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

போகும்போது நான்கு வாரக் குறிப்பு, இரண்டு எச்பிஏ1சி அறிக்கை, மாத்திரைப் படங்கள் மூன்றையும் மேலாக எடுத்து வையுங்கள். ஐந்து நிமிடச் சந்திப்பில் கோப்பு முழுவதையும் புரட்டிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. கண், பாதம், சிறுநீரகத்துக்கான ஆண்டுப் பரிசோதனை எப்போது என்பதையும் அப்போதே கேட்டு, அடுத்த எச்பிஏ1சிக்கான தேதியை அறிக்கையின் மேல் ஓரத்திலேயே எழுதிக்கொண்டு வாருங்கள்.